இடக்கைக்கு ஒரு கூடாரம்

தூண்டில் போடுகிறவர்களைப் பற்றி உலகத்தில் பொதுவாக ஓர் அபிப்பிராயம் உண்டு. வேறு வேலை இல்லாதவர்கள் என்பதுதான் அது. இதைப் போன்ற தவறான அபிப்பிராயம் வேறு கிடையாது. தூண்டில்காரனுக்கு இருக்கும் வேலை யாருக்கு இருக்கிறது? முள்ளைத் தேட வேண்டும். முள் அகப்பட்டால் தக்கையைக் காணோம். தக்கை கிடைக்கும்போது மண்புழு வைத்திருந்த கொட்டாங்கச்சி கவிழ்ந்து, புழுக்கள் அத்தனையும் சொந்த ஊருக்குப் புறப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் சரிப்படுத்திவிட்டு நிமிர்வதற்குள் மீன் இரையை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் ஏரிக்கரையில் உட்கார்ந்தால், அதில் பாதி நேரம் சாமான் தேடுவதிலேயே கழிந்துவிடுகிறது என்பது நமது இருபது வருஷத்து அனுபவம்.

நாம் வசிப்பது பொத்தேரியில். தாம்பரத்துக்குத் தெற்கே, கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்குளத்தூருக்கும் நடுவே மின்சார ரயில் நிற்கும் ஊர். ஊரின் பெயரே ஏரி என்று முடிகிறது. செங்கற்பட்டுச் சீமைக்கு ஏரி ஜில்லா என்று பெயர் வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பக்கத்து ஏரிகள் நிறையும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் கரையை விட்டு உள்ளே போய்விடும். நாம் சிறுவனாயிருந்தபோது தூண்டிலில் கெண்டையும் கெளுத்தியும் விழும். இப்போது அதிகமாக விழுவது ஜிலேபி. இது நம் நாட்டு மீன் அன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வந்தாரை வாழவைக்கும் தமிழ்நாட்டில் அது வெகு சௌக்கியமாகவே வாழ்கிறது.

நமக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நம் தகப்பனார். ரயில்வேயில் முப்பது வருஷத்துக்கு மேல் கூட்ஸ் வண்டி கார்டாக வேலை பார்த்தவர். 2022-ஆம் வருஷத்தில் கார்டு என்ற பெயரை மாற்றி, ரயில் மேனேஜர் என்று வைத்தார்கள். அதற்கு முன்பே, கார்டாகவே, தாம் ஓய்வு பெற்றுவிட்டதில் அவருக்குப் பரம திருப்தி. ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறுதோறும் நம்மோடு ஏரிக்கு வருவது வழக்கம்.

2023-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு விடியற்காலை அவருக்குப் பக்கவாதம் வந்தது. தெய்வாதீனமாக உயிருக்கு ஆபத்தில்லை. பேச்சு பத்து நாளில் திரும்பிற்று. கால், இரண்டு மாதத்தில் கைத்தடியின் துணையோடு திரும்பிற்று. வலக்கை மட்டும், வண்டி போன பிறகு பிளாட்பாரத்தில் நின்றுவிட்ட பிரயாணியைப் போல, அப்படியே நின்றுவிட்டது.

அதன்பின் ஏரிக்குக் கூப்பிட்டால் வர மறுத்தார்.

"நீ போய்விட்டு வா. எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது" என்றார்.

ஆயுள் முழுவதும் பிரேக் வானில் வெயிலிலும் மழையிலும் நின்றவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதாம்! உண்மையான காரணம் நமக்குத் தெரியாமல் இல்லை. முள்ளைக் கொடு, புழுவைக் கொடு, தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடு என்று மகனிடம் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருக்கும். அவர் கேட்டு வாங்கும் மனிதர் அல்லர்.

இந்தச் சமயத்தில்தான் நம் பழைய மாணவன் ஒருவனிடமிருந்து கடிதம் வந்தது. அவன் இருப்பது அமெரிக்காவில், மின்னஸோட்டா என்னும் மாகாணத்தில். பதினாயிரம் ஏரிகளின் நாடு என்று அதற்குப் பட்டப்பெயர். ஏரி ஜில்லாக்காரன் போய்ச் சேர்ந்த இடமும் ஏரி நாடாகவே அமைந்தது ஒரு பொருத்தம். குளிர்காலத்தில் அங்கே ஏரிகள் உறைந்துவிடுகின்றன. நாலு அங்குல கனத்துக்குப் பனிக்கட்டி இருந்தால்தான் மனிதர் அதன்மேல் நடக்கலாமென்று அந்த ஊர் அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். இன்னும் கனமாக உறைந்தபின் மில் லாக்ஸ் என்னும் பெரிய ஏரியின்மேல் ஆயிரக்கணக்கான சிறு குடில்கள் முளைத்து, ஊரே குடிவந்ததுபோல் ஆகிவிடுமாம். பனிக்கட்டியில் துளைபோட்டுத் தூண்டிலை இறக்கிவிட்டு, குடிலுக்குள் உட்கார்ந்திருப்பார்கள்.

மேலே உறைந்துபோன ஏரியில் மீன் எப்படி உயிரோடிருக்கும் என்று நேயர்கள் கேட்கலாம். வகுப்பில் நாம் வருஷா வருஷம் சொல்லும் பாடந்தான் இது. தண்ணீர் நாலு பாகைச் சூட்டில் மிகவும் கனமாக இருக்கிறது. ஆகவே அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிடும்; அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறையும்; உறைந்தது மிதக்கும். மேலே கூரை, கீழே மீனுக்கு வீடு.

மாணவன் வைத்திருப்பது நிலையான குடில் அன்று. மடக்கி எடுத்துப் போகும் கூடாரம். அடியில் சறுக்குத் தொட்டி ஒன்று. அதன்மேல் மடக்குக் கம்பிகளும் துணியும். இழுத்துக்கொண்டு போய், விரித்துக் கவிழ்த்தால் கூடாரம். கடையில் வாங்கியதை அப்படியே உபயோகிக்காமல் அவன் தன் சௌகரியத்துக்கு மாற்றியிருந்தான். கம்பிகளில் பைகள் தைத்த துணிப் பட்டையைத் தொங்கவிட்டிருந்தான். பக்கத்தில் குழாய்த் துண்டுகளைப் பொருத்தித் தூண்டில்களை நிறுத்தியிருந்தான். கூரைக்கு அடியில் வலை கட்டிக் கையுறைகளை உலர்த்தினான். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் எல்லாம் கைக்கு எட்ட வேண்டும் என்பது அவனுடைய விதி.

கடிதத்தில் ஒரு வாக்கியம் நம்மைத் தூக்கிவாரிப் போட்டது. "ஸார், பூஜ்யத்துக்கு இருபது பாகை கீழே இறங்கும் நாளில் கையுறையைக் கழற்றினால் கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போய்விடும். அதனால் இங்கே நாங்கள் எல்லோருமே கையிருந்தும் இல்லாதவர்கள்தான்" என்று எழுதியிருந்தான்.

கையிருந்தும் இல்லாதவர்களுக்கு ஒரு கூடாரம் இருக்குமானால், அது பொத்தேரிக்கும் ஏன் வரக்கூடாது?

யோசித்துப் பார்த்தால் இந்த யோசனை மேல்நாட்டாருக்கு மட்டும் சொந்தமன்று. எண்ணூர்ப் பக்கத்துக் கழியில் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் ஸ்திரீகள், பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக் கொள்கிறார்கள். இரண்டு கையும் வேலையாயிருந்தால் மூன்றாவது கை வேண்டாமா? நற்றிணையில் 142-ஆம் பாட்டில் மழைநாளில் வரும் ஓர் இடையன், உறியையும் தீக்கடை கோலையும் மற்றக் கருவிகளையும் தோலோடு சேர்த்துச் சுருட்டி, பனையோலைப் பறியோடு முதுகில் போட்டுக்கொண்டிருக்கிறான். மழைக்கு மறைப்பும் சாமான் மூட்டையும் ஒரே சுமை. சங்க காலத்து இடையனுக்குத் தெரிந்திருந்த விஷயம் பட்டதாரி உபாத்தியாயருக்குத் தெரிய இத்தனை காலம் ஆயிற்று!

வேலையை ஆரம்பித்தோம். ஓர் அங்குலக் கனமுள்ள பி.வி.சி. குழாய்களை வாங்கி, ஐந்தடி நீளம், நாலடி அகலத்தில் சட்டம் செய்தோம். ஒட்டாமல் மூலைகளில் சொருகிவிட்டதால் கழற்றிக் கட்டிக்கொள்ளலாம். கூரைக்கும் மூன்று பக்கத்துக்கும் கித்தான் துணி. தண்ணீரைப் பார்த்த பக்கம் திறப்பு. கூடுவாஞ்சேரியில் ஒரு தையற்காரரிடம் கொடுத்து, நீளமான பட்டையில் பதினாலு பைகள் தைத்து வாங்கினோம். பட்டையை இடப்பக்கத்துச் சட்டத்தில் நாடாக்களால் கட்டினால் பைகள் எல்லாம் இடக்கைப் பக்கத்தில் அமையும். அவிழ்த்துச் சுருட்டினால் சாமானோடு பாய்போல் சுருண்டுவிடும்.

பைகளை நிரப்புவதில் நமது உபாத்தியாயப் புத்தியை முழுவதும் காட்டினோம். மேல் வரிசையில் முட்கள், எண் வரிசைப்படி. நடு வரிசையில் தக்கைகள், சிறிதிலிருந்து பெரிதுவரை. கீழ் வரிசையில் ஈயக் குண்டு, நைலான் நரம்பு, குறடு. ஒவ்வொரு பைக்கும் மூடி, மூடிக்குப் பித்தான், பித்தானுக்கு மேல் மசியால் எழுதிய சீட்டு. வீட்டுக் கூடத்தில் கூடாரத்தை விரித்து வைத்து, பரீட்சைக்குப் பேப்பர் கொடுத்த மாணவனைப் போல் அப்பாவுக்கு முன்னால் நின்றோம்.

அவர் வெகு நேரம் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்து அலமாரி மாதிரி ரொம்ப அழகாயிருக்கிறது. ஆனால் இதிலிருந்து சாமானைக் கண் எடுக்கப் போகிறதா, கை எடுக்கப் போகிறதா?" என்று கேட்டார்.

பிறகு நம் மனைவியைக் கூப்பிட்டு, "அம்மா, ஒரு துண்டு கொண்டு வா. இவன் வலக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டு" என்றார். அவளுக்கு அதைவிடச் சந்தோஷமான காரியம் வேறு என்ன இருக்கப் போகிறது? இறுகக் கட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு முள்ளை எடுத்துப் புழுவைக் கோக்கும்படி நமக்கு உத்தரவாயிற்று.

அடுத்த அரைமணி நேரத்தில் நாம் கற்றுக்கொண்டது பட்டப் படிப்பில் கற்றதைவிட அதிகம். பித்தானை ஒற்றைக் கையால் கழற்ற முடியாது. கழற்றினாலும் மூடியைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை, உள்ளேயிருந்து எடுக்க ஒரு கை வேண்டும். முள்ளை நரம்பில் முடிய முடியாது. கொட்டாங்கச்சியில் விரலை விட்டால் அது நகர்ந்துகொண்டே போகும். பிடித்து நிறுத்த இன்னொரு கை எங்கே? கடைசியில் புழுவுக்குப் பதில் நம் கட்டை விரலையே முள்ளில் கோத்துக்கொண்டோம். பெண் கைகொட்டிச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

"இப்போது தெரிகிறதா?" என்று மட்டும் கேட்டார்.

தெரிந்தது. அவர் தினந்தோறும் சட்டைப் பித்தானோடு எப்படிப் போராடுகிறார் என்பதும் கூடவே தெரிந்தது.

அன்றிரவே பித்தான்களையும் மூடிகளையும் வெட்டி எறிந்தோம். வளைத்த பிரம்பைப் பையின் வாயில் வைத்துத் தைத்ததால், வாய் எப்போதும் திறந்தே நின்றது. முட்களை முன்கூட்டியே சாண் நீளக் குறுநரம்புகளில் கட்டி, ஒரு தக்கைப் பலகையில் வரிசையாகக் குத்தி வைத்தோம். எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டோம். மீனின் வாயிலிருந்து ஒரே திருப்பில் கழன்று வரும். நாற்காலிக் கையின்மேல் ஒரு பலகை. அதில் துணி மாட்டும் கிளிப் இரண்டை ஆணி வைத்து அடித்தோம். ஒன்று முள்ளைக் கவ்விக்கொள்ளும். மற்றது நரம்பைக் கவ்விக்கொள்ளும். கொட்டாங்கச்சி உட்காருவதற்குப் பலகையில் ஒரு வட்டத் துளை. தூண்டில் கழிக்கு, தரையில் ஊன்றிய குழாய்த் துண்டு. மூடியில்லை, முடிச்சில்லை, நகருவது ஒன்றுமில்லை.

வரிசையை அப்பா தாமே அமைத்தார். இனம் பார்த்து வைக்கவில்லை. வேலையின் முறையைப் பார்த்து வைத்தார். முதலில் வேண்டியது முழங்காலுக்கு அருகில். அடுத்தது அதற்கு மேலே. எப்போதாவது வேண்டியது தோளுக்கு மேலே. முள்ளுக்குப் பக்கத்தில் குடிதண்ணீர் இருந்தது. தக்கைக்குப் பக்கத்தில் கைக்குட்டை. பார்ப்பதற்கு அலங்கோலந்தான்.

"கார்டு பெட்டி இப்படித்தான் இருக்கும்" என்றார். "நடு ராத்திரியில், மழையில், வண்டி நடுவழியில் நின்றுபோயிற்று என்று வைத்துக்கொள். பின்னால் இன்னொரு வண்டி வந்துவிடக் கூடாது. சிவப்பு விளக்கை எடுத்துக்கொண்டு கார்டு பின்பக்கமாக ஓட வேண்டும். 600 மீட்டரில் ஒரு வெடி. 1200 மீட்டரில், பத்துப் பத்து மீட்டர் இடைவெளி விட்டு மூன்று வெடி தண்டவாளத்தில் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் உன் சீட்டுகளைப் படித்துக்கொண்டு நிற்கலாமா? கைக்கு வழி தெரிந்திருக்க வேண்டும்."

முப்பது வருஷமாக அந்தப் பெட்டியை வீட்டு வாசலில் பார்த்திருக்கிறோம். அதற்குள்ளும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது என்று ஒருநாளாவது கேட்டறிந்தோமா?

2024-ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மாதத்துக்குப் பிறகு, அப்பா ஏரிக்கு வந்தார். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரிடம் முன்பே கேட்டிருந்தோம். "வலை போடாத வரைக்கும் பெரியவர் தாராளமாய் உட்காரட்டும்" என்று அவர் சொல்லிவிட்டார். கரையில் சமதரையாகப் பார்த்துக் கூடாரத்தை நிறுத்தினோம். அப்பா யாரையும் எதுவும் கேட்காமல் முள்ளை எடுத்தார், கிளிப்பில் கொடுத்தார், புழுவைக் கோத்தார், தூண்டிலை வீசினார்.

எட்டு மணி சுமாருக்குக் காற்றுக் கிளம்பிற்று. கூடாரம் மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது; யோசித்தது; பிறகு மரியாதையாகப் படுத்துவிட்டது. உள்ளே அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தூண்டிலை விடாமல், கித்தானைப் போர்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளையாக அடி எதுவும் படவில்லை.

காரணம் வெளிப்படை. பதினாலு பைகளும் அவற்றிலுள்ள பாரமும் இடப்பக்கம். வலப்பக்கத்தில் வெறும் துணி. புவியீர்ப்பு மையத்தைப் பற்றி வருஷத்துக்கு நாலு வகுப்பில் பாடம் சொல்லும் நமக்கே இந்தக் கதி! உடனே பத்து லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றை நிரப்பி, வலப்பக்கத்துக் காலின் அடியில் கட்டினோம். கூடாரம் ஸ்திரமாக நின்றது.

அப்பா அந்தக் கேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆக, வலப்பக்கத்துக்குப் பாரம் சுமப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது" என்றார்.

கூடாரத்தைப் பற்றித்தான் சொல்கிறார் என்று அப்போது நினைத்தோம். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கை அசைய வேண்டும், அதற்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று பயிற்சி கொடுக்கும் பெண் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போவாள். உபயோகிக்காத கை இன்னும் அதிகமாக மறந்துபோகுமாம். நாமோ, அப்பாவின் சௌகரியத்துக்கு என்று, வலக்கை இல்லாமலே உலகம் நடக்கும்படி ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்திருந்தோம். பதினாலு பைகளில் ஒன்றுகூட அந்தக் கையை நம்பி வைக்கப்படவில்லை.

மறுநாள் காலையில் அப்பாவே சொன்னார்: "வலப்பக்கத்தில் தாழ்வாக ஒரே ஒரு பை தைக்கச் சொல்."

"என்ன வைப்பதற்கு, அப்பா?"

"என் விசிலை."

கார்டு வேலையில் அவர் உபயோகித்த பழைய பித்தளை விசில். பதினைந்தாவது பை தயாராயிற்று. இடக்கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டுமென்பது அவருடைய நிபந்தனை. அளந்து, அப்படியே வைத்தோம்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரே மாதிரி கழிந்தது. தூண்டிலைப் போட்டுவிட்டு, அப்பா வலக்கையைத் தொடையிலிருந்து பைக்கு அனுப்புவார். அது பாதி வழியில் நின்றுவிடும். சில நாள் பையின் வாய்வரை போகும், விரல்கள் மூடா. நாம் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குச் சங்கடம். ஆகையால் டீ வாங்கி வருகிறோமென்று சொல்லிவிட்டு, கரையோடு ரஸ்தாப் பக்கம் நடந்துவிடுவோம். வேண்டுமென்றே மெதுவாகத் திரும்புவோம். தை போய், மாசி, பங்குனி போய்ச் சித்திரை வந்தது. தண்ணீர் குறைந்து, கூடாரம் வாரத்துக்குப் பத்தடி வீதம் உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது.

சித்திரை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. இரண்டு கோப்பை டீயோடு கரையின்மேல் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ரயில் பாதைப் பக்கம் வண்டிச் சத்தம் ஓய்ந்திருந்தது. அப்போது ஏரியிலிருந்து விசில் கேட்டது. பலமான ஊதல் அன்று. காற்றுப் பாதி வெளியே போன ஊதல்.

ஓடினோம். டீ கரையிலேயே சிந்திவிட்டது. கூடாரத்துக்குள் தூண்டில் கழி வளைந்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி தண்ணீரில் துள்ளிக்கொண்டிருந்தது. அப்பா கழியை இடக்கையால் பிடித்துக்கொண்டிருந்தார். விசில் உதட்டில் இருந்தது.

"என்ன வேண்டும், அப்பா?" என்று மூச்சு வாங்கக் கேட்டோம்.

"ஒன்றும் வேண்டாம். சிக்னல் கொடுத்துப் பார்த்தேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசில் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரமும் கேட்கவில்லை. பிறகு ஏரி வற்றிவிட்டது. கூடாரத்தைச் சுருட்டிப் பரணில் வைத்தோம். சுருட்டும்போது பதினாலு பைகளையும் காலி செய்தோம். பதினைந்தாவதை மட்டும் தொடவில்லை. மழை வந்து ஏரி நிறைந்ததும் அதை எடுக்க வேண்டியவர் அவர்.